சீல் மாற்றியும் ஆயில் நிற்கவில்லையா? காரில் எஞ்சின் ஆயில் ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைக்கும் முறை

கார் எஞ்சினில் ஆயில் ஒழுகுகிறது என்று ஒர்க்ஷாப்புக்குப் போய், சீல் (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, கூலி கொடுத்து வீடு திரும்பிய சில மாதங்களிலேயே தரையில் மறுபடி கருப்பு வட்டம் தெரிந்தால், புதுச் சீல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். பெரும்பாலும் குற்றம் சீலுடையது அல்ல. ஒழுகும் இடத்தைத் தப்பாகக் கணித்திருப்பார்கள். இல்லையென்றால் எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் சீல் உட்காரும் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் காசுக்குக் கேடு.

முதலில், இது எஞ்சின் ஆயில்தானா?

வண்டியை இரவு நிறுத்தும் இடத்தில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். முன்சக்கரங்கள் எங்கே நின்றன என்று அட்டையில் கோடு போட்டுக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்த இடத்தை வைத்து எஞ்சினின் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பழுப்பாகவோ கருப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீராக இருந்து லேசாக இனிப்பு வாடை வந்தால் கூலன்ட். நிறமும் மணமும் இல்லாத வெறும் தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம்.

அடுத்து டிப் ஸ்டிக். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றால் அதுவே ஒழுக்குக்குக் காரணமாகலாம். சுழலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சினின் முக்கியத் தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கும், மூச்சுக்குழாய் வழியாக ஆயில் போய் அடைக்கும், உள்ளழுத்தம் ஏறும். அதிகப்படியை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையே டிப் ஸ்டிக்கில் அளவு அசையவே இல்லை, கேஸ்கட் ஓரத்தில் தூசி ஒட்டிய ஈரம் மட்டும் என்றால் அது வியர்வை. கவனித்துக்கொண்டே ஓட்டலாம். தரையில் சொட்டினால் செய்துவிட வேண்டும். சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் சொட்டிப் புகை வந்தாலோ, டைமிங் பெல்ட், கிளட்ச், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றில் ஆயில் பட்டாலோ தள்ளிப்போடக் கூடாது. முதலாவது தீப்பிடிக்கும். மற்றவை சீலைப்போலப் பல மடங்கு விலை வைக்கும்.

இடம் கண்டுபிடித்தல்

ஆயில் இறங்கும் பொருள். கூடவே வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் எஞ்சினின் மேலே, முன்னே தொடங்கிய ஒழுக்கு, கடைசியில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பின்மூலையில் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஈரம் இருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதைத் தேட வேண்டும்.

பழைய அழுக்கோடு தேடினால் கிடைக்காது. எஞ்சின் ஆறியபின் டிகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷர் துப்பாக்கியை நேராகச் சீல்களின் மேல் பிடிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் எங்கே கோடு போட ஆரம்பித்திருக்கிறதோ அங்கேதான் வாய். மெதுவாக ஒழுகும் வண்டிக்கு யுவி டை (புற ஊதாச் சாயம்) நல்லது. எஞ்சின் ஆயிலோடு கலந்து ஓட்டிவிட்டு, யுவி விளக்கில் பார்த்தால் மஞ்சள் பச்சையாக மின்னும். ஆயிலுக்கு என்று விற்கும் டையாக வாங்க வேண்டும். ஏசிக்கு உள்ளது வேறு.

பார்க்கும் வரிசை மேலிருந்து கீழே: ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர், டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங், கேம் சென்சாரின் ஓரிங், கேம் ஷாஃப்ட் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், டைமிங் கவர் இணைப்பு, கிராங்க் முன்சீல், சம்ப் இணைப்பு, ட்ரெயின் போல்ட் வாஷர், கடைசியாகக் கிராங்க் பின்சீல். டர்போ டீசலில் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி வரும் குழாயின் பேக்கிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஆயில் பிரஷர் சுவிட்ச் பலரை ஏமாற்றும். அது உள்ளே கிழிந்தால் ஆயில் மின் கனெக்டருக்குள்ளேயே ஏறி ஒயர் வழியாக வழியும். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சுவிட்சை மாற்றினால் முடிந்தது. ஃபில்டரிலும் ஒரு பழைய கதை உண்டு: ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும், அதன் மேல் புது வளையம் ஏறினால் ஸ்டார்ட் செய்ததும் சிலநேரம் லிட்டர் கணக்கில் கொட்டும். ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் நின்றால், அது டேப்பெட் கவருக்குள் இருக்கும் பிளக் குழாய் சீல். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஆனால் காயில் கெட்டு மிஸ்ஃபயர் ஆகும்.

பின்சீல் ஒழுகுகிறது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அதே நாளில் சம்மதிக்காதீர்கள். பெல் ஹவுசிங்கின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடு) கீழே சொட்டும் ஆயில் டேப்பெட் கவரின் பின்மூலையிலிருந்து இறங்கியதாகவும், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். மேலே உள்ளதைக் கழுவிப் பவுடர் தூவிப் பார்க்காமல் கிளட்சைக் கழற்றுவது அவசரம்.

எஞ்சின் மூச்சு விடுகிறதா?

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை இன்டேக் பக்கம் இழுத்து எரிப்பது பிசிவி வால்வின் வேலை. இந்த வழியில் கரி அடைத்தால் அந்த வாயு வேறு வாசல் தேடும், எஞ்சினில் இருப்பதிலேயே பலவீனமான வாசல் சீல்தான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் ஈரம் கண்டால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

சோதனை எளிது. சூடான எஞ்சினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். சேலைத் தலைப்பும் தொங்கும் துணியும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினில் தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட வேண்டும். தூக்கித் தள்ளினால் அழுத்தம் இருக்கிறது. பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும் (டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு உள்ள வகைக்கு இது பொருந்தாது). ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள். உள்ளே பிசுபிசுப்பான கசடு நின்றால் ஹோஸையும் வால்வையும் மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் பின்சீல் கூலியில் சிறு பங்குதான் ஆகும்.

தலைகீழான பழுதும் உண்டு. டயஃப்ரம் கிழிந்தால் எஞ்சினுக்குள் வெற்றிடம் மிஞ்சும். மூடியைத் திறக்கவே கஷ்டமாக இழுக்கும். சீல் உதடு வழியாகக் காற்று உள்ளே நுழைந்து விசில் அடிக்கும். பெல்ட் சத்தம் என்று நினைத்துப் பெல்ட் மாற்றியவர்கள் உண்டு.

பிசிவி சரியாக இருந்தும் மூடி வாயில் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. சிலிண்டரின் கம்ப்ரஷன் (அழுத்தம்) பார்க்காமல் சீல் வேலையில் இறங்க வேண்டாம். டீசலில் லேசாகத் தள்ளுவது இயல்பு; ஆனால் மூடியைத் தூக்கி எறியும் அளவுக்கு இருந்தால் இயல்பல்ல.

சீல் வாங்கும்போது

ஷாஃப்டைச் சுற்றி நிற்கும் ஆயில் சீலில் வெளியே இரும்புக் கூடு, உள்ளே ரப்பர் உதடு, உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள் ஸ்பிரிங், வெளிப்பக்கம் தூசியைத் தடுக்க இன்னொரு சிறு உதடு இருக்கும். முகத்தில் 35×50×8 என்று எழுதியிருந்தால், ஷாஃப்ட் 35 மி.மீ., கூட்டின் வெளிவிட்டம் 50 மி.மீ., தடிமன் 8 மி.மீ. என்று பொருள். அளவு ஒன்றாக இருந்தால் போதாது. ரப்பர் எது என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நைட்ரைல் சுமார் 100 டிகிரி வரை தாங்கும். பாலிஅக்ரிலேட் சுமார் 150. வைட்டான் என்று கடைகளில் சொல்லும் ஃப்ளோரோ ரப்பர் 200 டிகிரி வரை. எஞ்சின் சீலுக்கு நைட்ரைல் போட்டால் சூட்டில் உதடு கட்டிதட்டி, பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர் கடையிலோ அளவை மட்டும் சொல்லி வாங்கினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் நைட்ரைல்தான். பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பழுப்பு என்றால் வைட்டான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சில சீல்களின் முகத்தில் அம்புக்குறி இருக்கும். உதட்டில் சாய்வான வரிகள் உள்ள வகை அது. ஷாஃப்ட் சுழலும் திசையில் ஆயிலை உள்ளே தள்ளும். திசை மாறினால் வெளியே தள்ளும். அளவு ஒன்றாக இருந்தாலும் திசை மாறிய சீலைப் போட்டுவிடும் ஆபத்து இங்கேதான்.

கிராங்க் முன்சீல் மாற்றும் முறை

கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் செயின் இணைக்கும் (செயின் டைமிங்) பல சிறு பெட்ரோல் கார்களில் புல்லியை மட்டும் கழற்றி இந்த வேலையை முடித்துவிடலாம். பெல்ட் டைமிங் என்றால் பெல்ட், டென்ஷனர் எல்லாம் இறங்கும். ஆயில் பட்ட டைமிங் பெல்ட்டைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது. புதுசு மாற்றியே ஆக வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள். புல்லி பக்கச் சக்கரம், உள் மட்கார்டு பிளாஸ்டிக், டிரைவ் பெல்ட் மூன்றையும் எடுத்தால் புல்லி தெரியும்.

புல்லி போல்ட் முரண்டு பிடிக்கும். சரியான வழி புல்லியைப் பிடிக்கும் டூல். அது இல்லாதபோது, மேனுவல் கியர் வண்டியில் டாப் கியரில் போட்டு, உதவிக்கு ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி, நீளமான பைப் மாட்டித் தளர்த்தலாம். ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் வித்தையைச் செய்யாதீர்கள். ஸ்பேனர் தெறித்தால் தாடை போகும். ஃபோர்டின் சில பெட்ரோல் எஞ்சின்களில் புல்லிக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கீவே (ஷாஃப்டோடு நழுவாமல் பூட்டும் வெட்டு) கிடையாது. அந்தப் போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கையே பிடித்துக்கொண்டிருக்கும். டைமிங் லாக் டூல் இல்லாமல் அதைத் தளர்த்தினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம். உங்கள் வண்டி எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

புல்லியை புல்லரால் இழுக்கும்போது நடு மையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். வெளிவளையத்தைப் பிடித்தால் நடுவில் உள்ள டேம்பர் ரப்பர் பிய்ந்துவிடும்.

பழைய சீலை எடுக்கும் முன், கவரின் விளிம்பிலிருந்து அது எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சீல் முகத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் 2 மி.மீ. துளை, இரும்புத் தகட்டைத் தாண்டாமல். ட்ரில் நுனியில் கிரீஸ் தடவினால் பிசிறு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறு திருகாணியை முடுக்கி, பிளையரால் மாறிமாறி இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை ஷாஃப்டுக்கும் சீலுக்கும் நடுவே விட்டு நெம்பாதீர்கள். ஷாஃப்டில் குறுக்காக விழும் ஒரு கீறல் போதும், புதுச் சீல் முதல் நாளே ஒழுகும்.

இப்போது ஷாஃப்டைப் பாருங்கள். இந்தக் கட்டத்தில் செலவழிக்கும் பத்து நிமிடம்தான் வேலை நிற்குமா நிற்காதா என்று முடிவு செய்கிறது. சில எஞ்சின்களில் உதடு கிராங்கின் மேலேயே ஓடும். சிலவற்றில் புல்லியின் கழுத்தின் மேல் ஓடும். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அது வெறும் மினுக்கம் என்றால் சரி. நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது நகம் மாட்டினால் பள்ளம். ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பார்கள். உதட்டில் சிக்கிய தூசியும் கரியும்தான் தேய்க்கின்றன. பள்ளத்துக்கு மூன்று வழி. சீல் உட்காரும் குழியில் இடம் இருந்தால் புதுச் சீலை 1 மி.மீ. முன்னே அல்லது பின்னே தள்ளி உட்கார வைத்து உதட்டை நல்ல இரும்பின் மேல் ஓடவிடலாம். எஸ்கேஎஃப் ஸ்பீடி ஸ்லீவ் போல 0.28 மி.மீ. தடிமனுள்ள ஸ்டீல் உறையை ஷாஃப்டின் மேல் ஏற்றலாம். அதற்காகச் சீல் அளவை மாற்ற வேண்டாம். புல்லிக் கழுத்தில் பள்ளம் என்றால் புல்லியையே மாற்றிவிடுவது நிம்மதி.

லேசான துருவுக்கு 600க்கு மேற்பட்ட எமரி ஷீட்டை ஷாஃப்டைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. அந்தக் கோடுகள் ஆயிலை வெளியே கொண்டுவரும் வாய்க்கால் ஆகிவிடும். சீல் உட்காரும் குழியின் உள்வட்டத்தை பிரேக் கிளீனரால் துடைத்து, எமரித் தூள் எதுவும் உள்ளே போகாமல் சுத்தம் செய்யுங்கள்.

புதுச் சீலின் ரப்பர் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். ஸ்பிரிங் இருக்கும் குழியில் கொஞ்சம் கிரீஸ் அப்பினால், தட்டும்போது ஸ்பிரிங் கழன்று விழாது. ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். கீவேயின் கூர்முனை உதட்டைக் கிழிக்காமலிருக்க, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி ஷாஃப்டின் மேல் வைத்து அதன் வழியே சீலை நகர்த்துங்கள். சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற பெரிய பாக்ஸ் ஸ்பேனரையோ பிவிசி பைப் துண்டையோ வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். நேராகச் சுத்தியலால் முகத்தில் அடித்தால் கூடு சாய்ந்துவிடும். சாய்ந்த சீலை நிமிர்த்தித் திரும்பப் போட முடியாது. நாலு இடத்தில் ஆழம் அளந்து, குறித்துவைத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

புல்லிக் கழுத்தில் ஆயில் தடவி ஏற்றி, போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை அளவு) இறுக்குங்கள். டார்க்கோடு டிகிரிக் கணக்கும் சொல்லியிருந்தால் அது நீளும் வகைப் போல்ட். பெரும்பாலும் புதுசு போட வேண்டும்.

பின்சீல்

கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்கும் வேலை. சீல் விலை சில நூறு, கூலி சில ஆயிரம். அதனால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் சீல் எல்லாவற்றையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். ஆயில் ஊறிய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி ஓட்டலாம் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இப்போது வரும் பல பின்சீல்கள் பிடிஎஃப்இ (டெஃப்லான்) வகை. உதடு அகலமாக, ஸ்பிரிங் இல்லாமல், நடுவில் பிளாஸ்டிக் வளையத்தோடு வரும். ரப்பர் சீல் பழக்கத்தில் இதற்கு ஆயில் தடவிவிடுகிறார்கள். கூடாது. ஷாஃப்டும் சீலும் காய்ந்த நிலையில், கூட வந்த வளையத்தின் மேலாகவே ஏற்ற வேண்டும். ஏற்றியபின் சில மணி நேரம் எஞ்சினை ஓட்டக் கூடாது என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. உதடு ஷாஃப்டைச் சுற்றி அமர்வதற்கு அந்த நேரம் தேவை. வளையத்தை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தால் உதடு சுருங்கியிருக்கும், அந்தச் சீலை மறந்துவிடுங்கள்.

ஃப்ளைவீல் போல்ட் துளைகள் கிராங்குக்குள் திறந்திருந்தால் மரை வழியாகவும் ஆயில் வரும். அப்படிப்பட்ட எஞ்சினில் மரைக்குத் திரெட் சீலன்ட் கட்டாயம். சீலைக் கழற்றிய சாக்கில் கிராங்கை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மேனுவல் அளவைவிட அதிகமாக ஆடினால் கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. புதுச் சீலும் நிலைக்காது.

டேப்பெட் கவரும் சம்ப்பும்

டேப்பெட் கவர் போல்ட்கள் பல கார்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் கேட்கும். ஒழுகுகிறதே என்று இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் பிளாஸ்டிக் கவர் வளையும், அலுமினியத்தில் மரை பிடுங்கும். நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் இரண்டு தவணையாக இறுக்குங்கள். ரப்பர் பேக்கிங் முழுக்க சிலிகான் பூசக் கூடாது. டைமிங் கவர் வந்து சேரும் மூலைகள், அரைவட்ட வளைவுகள் ஆகிய இடங்களில் மட்டும் ஒரு பொட்டு.

பேக்கிங்கே இல்லாமல் ஆர்டிவி சிலிகான் (காற்றுப்பட்டு இறுகும் பசை) மட்டும் போடும் சம்ப்புகளில் பரப்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, 3 மி.மீ. கனத்தில் அறுபடாத கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாகப் போடுங்கள். தோல் கட்டுவதற்குள் மாட்டி இறுக்குங்கள். ஆயில் ஊற்ற டியூபில் எழுதியுள்ள நேரம், முழுதாக இறுக 24 மணி நேரம். தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே தொங்கும் துண்டுகள் அறுந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ஒழுக்கை அடைக்கப் போய் எஞ்சினைச் சீஸ் ஆக்கும் வழி அது.

ட்ரெயின் போல்ட் வாஷரை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதுசாகப் போடுங்கள். ஃபில்டர் வளையத்தில் ஆயில் தடவி, தளம் தொட்டபின் கையால் முக்கால் சுற்று.

பாட்டில் மருந்து

ஒழுக்கு நிறுத்தும் திரவங்கள் ரப்பரைக் கொஞ்சம் வீங்கச் செய்து மென்மையாக்கும். கட்டிதட்டிய சீல் சிலநேரம் தற்காலிகமாக நிற்கும். கிழிந்த உதட்டுக்கும் பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்கும் பயன் இல்லை. வண்டியை விற்கும்வரை தாக்குப்பிடிக்கட்டும் என்று பிரேக் ஆயிலை எஞ்சினில் ஊற்றும் வழக்கம் ஆபத்தானது; அது ரப்பரைக் கூழாக்கும், ஆயிலையும் கெடுக்கும். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் சொட்டு கொஞ்சம் குறையலாம். ஆனால் வேரியபிள் வால்வு டைமிங் உள்ள எஞ்சின் காலையில் ஸ்டார்ட் ஆனதும் கடகடக்கும்.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் விளக்கு அணைகிறதா பாருங்கள். பத்து நிமிடம் ஐடிலில் விட்டுக் கீழே டார்ச் அடியுங்கள். முதல் 20 கிலோமீட்டரில் உதட்டில் தடவிய ஆயில் லேசாக ஈரம் காட்டும். துடைத்துவிட்டு 500 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள், டிப் ஸ்டிக்கையும் சேர்த்து. சிலிகான் போட்ட இணைப்புகளை அப்போது மறுபடி இறுக்க வேண்டாம், இறுகிய சிலிகான் வெடித்துவிடும். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் மூடி, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.